தூசிப்பையிலிருந்து வந்த புளியங்கொட்டை வாசனை

அன்று பிளாஸ்டிங் கொட்டகையில் இருந்தவர்கள் ஆறு பேர். முதலாளி. சென்னைப் பக்கத்துக் கம்பெனியிலிருந்து தரம் பார்க்க வந்திருந்த இன்ஜினீயர் மேடம். கம்ப்ரசர் மெக்கானிக் பாஷா பாய். உலை பார்க்கும் ஏழுமலை. பிசிர் தட்டும் பிரிவிலிருந்து செல்வி. ஆறாவது ஆள் நான், முருகேசன், அந்தக் கொட்டகைக்கு சூப்பர்வைசர். ஏழாவதாக ஒருவருக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அவர் அந்த நேரத்தில் அடி அண்ணாமலையில் தன் டீக்கடையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆள் எண்ணுவது என் பழக்கம். எந்தக் கொட்டகைக்குள் நுழைந்தாலும் முதலில் தலைகளை எண்ணிவிடுவேன். உள்ளே எத்தனை பேர் என்று தெரிந்தால்தானே, ஏதாவது ஆனால் வெளியே எத்தனை பேர் வரவேண்டும் என்று தெரியும்? இதற்காக பாஷா பாய் என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது. "இன்னா நைனா, கல்யாணப் பந்தியா? எத்தினி எலன்னு எண்றியா?" என்பார்.

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக்கொடுக்கச் சொல்லி முதலாளி கேட்டார். எத்தனை டிகிரியில் உருக்குவது, எந்தக் கலவையில் எவ்வளவு சிலிக்கான் என்பதெல்லாம் நீங்கள் டிப்ளமாவிலும் காலேஜிலும் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அதில் உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்தது பயப்படுவது ஒன்றுதான். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தரம் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவன் நான். அப்படிப்பட்டவன் எதற்குப் பயப்பட மறந்தான் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

அப்போது நாம் அந்தச் சென்னைக் கம்பெனிக்கு அலுமினியத்தில் மோட்டார் மூடி வார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். வார்த்து எடுத்த மூடியின் மேல்தோல் கறுத்துத் திட்டுத்திட்டாக இருக்கும். அதை பிளாஸ்டிங் கேபினுக்குள் வைத்து, காற்றழுத்தத்தில் பொடிப்பொடியான ஸ்டீல் குண்டுகளை அதன்மேல் அடித்தால் தோல் உரிந்து பளிச்சென்று ஆகிவிடும். அனுப்பும்போது பார்க்க அழகாகத்தான் இருந்தது. பத்து நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து போட்டோ வந்தது. ஒவ்வொரு மூடியின்மேலும் கடுகு கடுகாகச் செம்புள்ளி.

"அம்ம போட்டிருக்கு," என்றார் ஏழுமலை, போட்டோவைப் பார்த்ததும். "வேப்பல கட்டி அனுப்பியிருக்கணும்."

அன்றிலிருந்து கொட்டகையில் அதற்கு அம்மை என்றே பெயர். காரணம் எளிது. அலுமினியம் மெத்தென்ற உலோகம். வேகமாக வந்து அடிக்கிற ஸ்டீலில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் அதில் குத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகின்றன. மழைக்காற்று பட்டதும் அவை துருப்பிடிக்கின்றன. துருப்பிடிக்காத ஸ்டீல் குண்டு இருக்கிறது, கண்ணாடிக் குண்டும் இருக்கிறது. விலை கேட்டுவிட்டு முதலாளி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். இரண்டு லோடு திரும்பி வந்தது. மூன்றாவது லோடும் திரும்பினால் ஆர்டர் இல்லை, ஆர்டர் இல்லாவிட்டால் பிளாஸ்டிங் கொட்டகையே இல்லை என்று சொல்லிவிட்டார்.

வழி சொன்னது செல்விதான். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். இங்கே வருவதற்கு முன் நான்கைந்து வருடம் புளி உடைத்துக் கொட்டை எடுக்கும் வேலை செய்தவள். இங்கே தினக்கூலிக்கு அரம் பிடித்துக் காஸ்டிங்கில் பிசிர் தட்டிக்கொண்டிருந்தாள். முந்தானையில் எப்போதும் வறுத்த புளியங்கொட்டை முடிந்திருக்கும். வேலையோடு வேலையாக ஒன்றை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டிருப்பாள்.

"பல்லு போயிடப் போவுது," என்று ஏழுமலை சொன்னார்.

"என் பல்லு போறது இருக்கட்டும்," என்றவள், கையிலிருந்த மூடியை ஒரு முறை பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ண்ணா, ஸ்டீலு உள்ள குத்திக்குது, அப்பறம் துரு புடிக்குது. அவ்ளோதான?" என்றாள்.

"அவ்ளோதான்."

"இத்த ஒடச்சி அடிச்சிப் பாத்தா இன்னா? இதுவும் கல்லு மாறிதான் இருக்குது. உள்ள குத்திக்கினாலும் துரு புடிக்காது பாரு."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அன்று வீட்டுக்குப் போய்ப் படுத்தவன் சிரிப்பதை நிறுத்திவிட்டேன். அவள் சொன்னதில் தப்பு எங்கே என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். அகப்படவில்லை.

முதல் முயற்சி கேவலமாகப் போயிற்று. பச்சைக் கொட்டையை மாவு மில்லில் ரவை போல உடைத்து வாங்கிவந்து கேபினில் கொட்டினோம். மழைக்காலம். கம்ப்ரசர் காற்றில் ஈரம். கால் மணி நேரத்தில் குழாய் அடைத்துக்கொண்டது. பாஷா பாய் குழாயைக் கழற்றி உதறினார். உள்ளிருந்து கொழகொழவென்று பழுப்பாக ஒரு பசை அவர் செருப்பின்மேல் விழுந்தது. தறி நூலுக்குப் போடுகிற கஞ்சியே புளியங்கொட்டை மாவுதான். அது எங்கள் யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை. அப்போது ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

"செல்விம்மா," என்றார் பாஷா பாய், செருப்பைத் தூக்கிக் காட்டி, "மெஷினுக்கு ஒடம்பு சரியில்லைன்னு கஞ்சி காச்சி ஊத்திட்டியா? ஒரு ஊறுகாயும் வெச்சிடு."

அவள் வாடிப்போகவில்லை. "பச்சையா போட்டா கஞ்சிதான் பாய். வறுத்துப் போடணும். நீ காத்துல தண்ணி வராம பாத்துக்க, மீதிய நான் பாத்துக்கறேன்," என்றாள்.

பாஷா பாய் ஈரம் வடிக்கும் ஃபில்டரை மாற்றினார். உலை மூடிமேல் தகரம் போட்டு, வீணாய்ப் போகிற சூட்டில் ஏழுமலை கொட்டையை வறுத்துக் கொடுத்தார். செல்வி தோலைப் புடைத்தெடுத்து, உடைத்து, சல்லடையில் மூன்று ரகமாகப் பிரித்தாள். நடு ரகம் பொருந்தியது. மூடிகள் பளபளக்கவில்லை. சாம்பல் போட்டு விளக்கிக் கவிழ்த்து வைத்த பாத்திரம் மாதிரி மங்கலாக, ஒரே சீராக வந்தன. ஈரத் துணியில் சுற்றிப் பத்து நாள் வைத்துப் பார்த்தோம். ஒரு புள்ளி கிடையாது.

முதலாளி கம்பெனிக்குப் போன் செய்தார். மேடம் நேரில் வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். அவர் சரி என்று எழுதிவிட்டால் ஆர்டர் தங்கும். அதோடு, பிளாஸ்டிங் மிஷினைச் செல்வியிடமே கொடுத்து மாதச் சம்பளத்தில் எடுத்துக்கொள்வதாக முதலாளி என் முன்னால் வைத்து அவளிடம் சொல்லியிருந்தார். அவள் வெளியில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து மிஷினை அவளே துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

மேடம் வருவதாகச் சொன்ன நாளுக்கு மறுநாள் பௌர்ணமி. அதனால்தான் முந்தின நாள் சாயங்காலம் தணிகாசலம் வந்தார்.

அந்த ஏழாவது ஆள் இவர்தான். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் டீக்கடை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி நான்கைந்து பேரோடு சேர்ந்து கிரிவலம் வருகிறவர்களுக்கு வெண்பொங்கல் போடுவார். எனக்கு இருபது வருடப் பழக்கம். ஷிப்ட் முடிந்து எல்லோரும் போன பிறகு, நான் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மொபெட்டில் வந்து இறங்கினார். பின்னால் கயிறு போட்டுக் கட்டியிருந்தது ஒரு இரும்பு அடுப்பு ஸ்டாண்டு. மழையில் கிடந்து செதில் செதிலாகத் துருவேறியிருந்தது.

"முருகேசு, இத்த உன் மெஷின்ல காட்டி எடுத்துக் குடுத்துடுப்பா. பொங்கல் அண்டாவ இதும்மேல வெச்சா துரு கொட்டுது. நாளான்னிக்கு அடுப்பு பத்த வெக்கணும்."

"நாளைக்கு மேடம் வராங்க தணிகாசலம். மிஷின இப்பத்தான் சுத்தம் பண்ணி வெச்சிருக்கோம்."

"அஞ்சே நிமிஷம். சோறு போடற வேலைப்பா, எங்க ஊட்டு கேட்டுக் கதவுக்கா கேக்கறேன்?"

முடியாது என்று சொல்ல எனக்குப் பயம். அன்னதானத்துக்கு மறுத்தால் நாளை மேடம் வரும்போது ஏதாவது விபரீதமாகிவிடுமோ என்று ஒரு பயம். செய்து கொடுத்தால் கம்பெனி மிஷினை இனாமாக ஓட்டிய திருட்டுப் பழி வருமோ என்று இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"கூலி நூத்தியிருபது ரூபா ஆவும். என் கைக்கு இல்ல. ஆபீஸ்ல கட்டிடுவேன்."

"குடுத்துடறேன். பௌர்ணமி முடியட்டும்."

புளியங்கொட்டையை வழித்தெடுத்துவிட்டு, மூலையிலிருந்த பழைய ஸ்டீல் குண்டைப் போட்டு, ஸ்டாண்டின் மூன்று காலையும் வளையத்தையும் அடித்துக் கொடுத்தேன். புத்தம் புதிதாக ஆகிவிட்டது. பிறகு கேபினைப் பெருக்கி, காற்றடித்து, மறுபடியும் கொட்டையை நிரப்பி, முன்பு இருந்தது மாதிரியே வைத்துவிட்டுப் பூட்டினேன். மூன்று தரம் இழுத்தும் பார்த்தேன்.

தூசிப்பையை மட்டும் தட்டவில்லை. கேபினுக்குள் பறக்கிற தூசியை எல்லாம் ஃபேன் இழுத்துக்கொண்டு போய் நிரப்புகிற துணிப்பை அது. மழை படாமல் இருக்கட்டும் என்று கொட்டகைக்குள்ளேயே மூலையில் தொங்கவிட்டிருந்தோம். நாளைக்குத் தட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

காலையில் மேடம் வருவதற்குள் பதினொரு விஷயங்களைச் சரிபார்த்தேன். எர்த் வயர், குழாய் மூட்டு, கேபின் கண்ணாடி, பாஷா பாய் முடுக்கிய நட்டு, ஏழுமலை வறுத்த கொட்டையில் ஈரம் உண்டா, செல்வியின் கையுறையில் ஓட்டை உண்டா. எல்லாம் மற்றவர்கள் செய்த வேலைகள். என் கையால் செய்த வேலை ஒன்றுகூட அந்தப் பதினொன்றில் இல்லை. இது எனக்கு உறைத்தது வெகுநாள் கழித்துத்தான். பயந்தவர்கள் நாங்கள் பெரும்பாலும் அடுத்தவர் கையைப் பார்த்துத்தான் பயப்படுகிறோம்.

பத்து மணிக்கு ஆரம்பித்தோம். சாயங்காலத்துக்குள் பௌர்ணமிக் கூட்டம் வந்து பஸ் ஸ்டாண்டு அடைத்துவிடும், அதற்குள் கிளம்பவேண்டும் என்று மேடம் முதலிலேயே சொல்லிவிட்டார். செல்வி கேபினின் இரண்டு ஓட்டைகளில் கையை விட்டு, ஒவ்வொரு மூடியாகத் திருப்பித் திருப்பி அடித்தாள். மேடம் லென்ஸ் வைத்துப் பார்த்தார். முப்பத்தாறு மூடிகள் முடிந்தன. மேடம் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. முதலாளி டீ சொல்லி அனுப்பலாமா என்று யோசிக்கிற முகத்தோடு நின்றார்.

"வாசனை நல்லா இருக்கே," என்றார் மேடம். "எங்க ப்ளாண்ட்ல எண்ணெய் நாத்தம்தான் வரும்."

"வறுத்த கொட்டை மேடம்," என்றார் முதலாளி பெருமையாக. "சின்ன வயசுல எல்லாரும் துன்னதுதான்."

உண்மைதான். நல்ல வாசனை. சுடச்சுட வறுபடுகிற புளியங்கொட்டையின் வாசனை கொட்டகை முழுவதும் நிறைந்திருந்தது. எல்லோரும் மூச்சை இழுத்து விட்டார்கள். நானும் இழுத்தேன். இழுத்த மூச்சு பாதியில் நின்றுவிட்டது.

சிவப்பு பட்டனை அழுத்தினேன். கம்ப்ரசர், ஃபேன் எல்லாம் நின்றன.

"யோவ், ஏன்யா நிறுத்தின?" என்றார் முதலாளி.

"வாசனை வருது சார்."

"வந்தா இன்னா? மேடமே நல்லாருக்குன்றாங்க."

"பசிக்குது போல நைனாவுக்கு," என்றார் பாஷா பாய்.

"கொட்டைய வறுத்தது முந்தாநாள் சார். ஆறிப்போன கொட்ட இப்பிடி வாசன வருமா? இப்ப யாரு வறுக்கறா?"

எல்லோரும் ஏழுமலையைப் பார்த்தார்கள். "நான் இங்கதான நிக்கறேன்," என்றார் அவர்.

அப்போதுதான் தூசிப்பையைப் பார்த்தோம். பையின் அடிப்பக்கம், இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்துவிட்ட வேட்டி மாதிரி, உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாகியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பழுப்பு விரிந்தது.

முதலாளி ஒரு எட்டு வைத்தார். "கயித்த அவுத்து வெளிய இழுத்துப் போடுங்கடா!"

"அவுக்காதீங்க! தொடாதீங்க! எல்லாரும் வெளிய போங்க!"

முதலாளியைப் பார்த்து நான் அப்படிக் கத்தியது அன்று ஒருநாள்தான். உள்ளே இருப்பது அலுமினியத் தூளும் கொட்டை மாவும். அடங்கிக் கிடக்கிற வரைக்கும் கரி மாதிரி புகையும். உதறினால் போதும், தூசி காற்றில் பறந்து ஒரே நேரத்தில் பற்றும். அதன் பெயர் தீ அல்ல, வெடி. மேடத்துக்கு அது தெரிந்திருந்தது. செல்வியின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவர்தான் முதலில் வெளியேறினார்.

லாரி நிற்கிற இடத்துக்கு ஓடிவந்து எண்ணினேன். மேடம், செல்வி, பாஷா பாய், ஏழுமலை, நான். ஐந்து.

திரும்பிப் பார்த்தால், குழாயடியிலிருந்து ஒரு பக்கெட் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு முதலாளி கொட்டகைக்குள் போய்க்கொண்டிருக்கிறார். அவருடைய மிஷின், அவருடைய கடன். அவரைக் குறை சொல்ல முடியாது. தீ என்றால் தண்ணீர் என்பதுதான் நம் எல்லோர் கைக்கும் தெரியும். ஆனால் எரிகிற அலுமினியத் தூளில் தண்ணீர் பட்டால் அது தண்ணீரையே பிரித்து வாயுவாக்கி அதையும் சேர்த்து எரிக்கும். உருகிய அலுமினியத்தில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலே என்ன ஆகும் என்பதற்கு என் இடது கை மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள்.

நான் தைரியசாலி இல்லை. ஆனாலும் ஓடினேன். கொட்டகை வாசலில் அவருக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

"நகருய்யா!"

"தண்ணி வேணாம் சார்."

"எல்லாம் எரியுதுய்யா!"

"பை எரியட்டும் சார். தண்ணி பட்டா கொட்டகையே போயிடும். நாமளும் போயிடுவோம்."

அவர் இடித்துக்கொண்டு வந்தார். வேறு வழி தெரியாமல் பக்கெட்டைப் பிடித்துத் தள்ளினேன். தண்ணீர் முழுவதும் என்மேல் கொட்டியது. நனைந்த கோழி மாதிரி நான் நிற்க, அவர் ஒரு நொடி திகைத்தார். அந்த ஒரு நொடியில் ஏழுமலை பின்னாலிருந்து வந்து அவர் இடுப்பைக் கட்டித் தூக்கிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

வெளியில் ஆறு பேர் இருப்பதை எண்ணிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன். பை கொஞ்ச நேரம் புகைந்தது. பிறகு கண் கூசும்படி வெள்ளையாக ஒரு வெளிச்சம் வந்து அடங்கியது. மேலே இருந்த கூரைத் தகட்டில் ஓட்டை. சுவரில் கரி. அது தணிந்தபின், உலைப் பக்கத்திலிருந்து காய்ந்த மணலைக் கொண்டுவந்து, நானும் ஏழுமலையும் தூசி எழும்பாமல் மெதுவாகப் போட்டு மூடினோம். யாருக்கும் ஒரு சிராய்ப்பு இல்லை.

அதற்குப் பிறகு வந்த பத்து நிமிடங்களைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று இவ்வளவு எழுதினேன்.

முதலாளிக்கு நடுக்கம் தீர்ந்ததும் கோபம் வந்தது. கோபம் செல்வியின்மேல் திரும்பியது. "புளியங்கொட்டையாம் புளியங்கொட்ட! அடுப்புல போடறத மிஷின்ல போட்டா எரியாம இன்னா பண்ணும்? என் புத்தியச் சொல்லணும். ஏழுமல, அந்த மூட்டையெல்லாம் கொண்டுபோய்க் குப்பையில கொட்டு."

செல்வி கையுறையைக் கழற்றி ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து மிஷின் சாவியோடு ஆபீஸ் ஜன்னலில் வைத்தாள். சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தாள். மேடம் காரின் பானட்மேல் பேப்பரை வைத்து எழுத ஆரம்பித்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. வழக்கமாகக் கொட்டை மாவும் அலுமினியமும் மட்டும் போகிற பையில் நேற்று நான் ஒரு படி துருவை அனுப்பியிருக்கிறேன். அலுமினியத் தூளும் இரும்புத் துருவும் சேர்ந்தால் தண்டவாளத்தை ஒட்டவைக்கிற அளவுக்கு எரியும். மூலைமுடுக்கில் தங்கிய என் ஸ்டீல் குண்டில் ஒன்று எங்கேயோ மோதிப் பொறி கொடுத்திருக்கும். எது எப்படி என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பையைத் தட்டாமல் விட்டவன் யார் என்று சத்தியம் செய்ய முடியும்.

யாருக்கும் தெரியாது. தணிகாசலம் வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. எனக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டே வருடம். நனைந்த சட்டையோடு நின்றுகொண்டு, வேலை போகும், கிராஜுவிட்டி போகும், அவமானம் வரும் என்று வரிசையாக எண்ணினேன். முதலாளியைக் காப்பாற்றியவன் என்று இப்போதுதான் பெயர் எடுத்திருக்கிறேன், அதுவும் போகும். தீயின் முன்னால் போய் நிற்க எனக்கு ஐந்து நொடிகூட ஆகவில்லை. வாயைத் திறக்கப் பத்து நிமிடம் ஆனது. அதற்குள் செல்வி கேட்டைத் தாண்டி பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்விட்டாள். கீழ்பென்னாத்தூர் பஸ் ஹாரன் அடிப்பது கேட்டது.

"சார், கொட்டையால இல்ல சார்."

முதலாளி திரும்பினார்.

"நேத்து சாயந்திரம் நான் இதுல இரும்பு அடிச்சேன். துருப் புடிச்ச அடுப்பு ஸ்டாண்டு. அன்னதானத்துக்குன்னு கேட்டாங்க. பைய நான் தட்டல."

பாஷா பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். மேடம்தான் பேசினார். "எவ்ளோ நேரம் அடிச்சீங்க? என்ன மீடியா, எந்தக் குண்டு போட்டீங்க? ஃபேன் ஓடுச்சா?" ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். எழுதியிருந்ததில் நான்கு வரியைக் குறுக்கே அடித்தார்.

"சார், இந்த ரிப்போர்ட்ல கொட்டையாலதான் தீன்னு போட்டிருந்தா, அதோட இந்த மெத்தட் முடிஞ்சிருக்கும். யாரும் திரும்பத் தொட மாட்டாங்க. இப்ப மெஷின் ஏற்பாடு சரியில்லன்னு எழுதறேன். தூசி பிடிக்கிறத வெளியில கொண்டுபோங்க. ஷிப்டுக்கு ஒரு முறை காலி பண்ணுங்க. இரும்பு இந்த மெஷின் பக்கம் வரவே கூடாது. கொட்டை மாவும் தனியாவே எரியும், அதையும் மறக்காதீங்க. சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க, வரேன்." பிறகு அந்த முப்பத்தாறு மூடிகளையும் காரில் ஏற்றச் சொன்னார்.

அதுவரைக்கும்தான் கேட்டேன். பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். பஸ் புறப்பட்டுவிட்டது. பாஷா பாய் பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு துரத்தி, இரண்டாவது நிறுத்தத்தில் பஸ்ஸை மறித்தார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிய செல்வியிடம் நடந்ததைச் சொன்னேன். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "நேத்து காலைலதான் அந்தப் பைய நான் தட்டி வெச்சேன், தெரியுமா?" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் இறங்கவில்லை. மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வந்தாள்.

இரண்டு மாதம் கழித்து மேடம் மறுபடி வந்தார். அந்த முப்பத்தாறில் ஒன்றுக்கும் அம்மை போடவில்லை. புது ஏற்பாட்டில் நாள் முழுவதும் ஓட்டிப் பார்த்துவிட்டு, சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது, வெளிநாட்டில் வால்நட் ஓட்டைப் பொடித்து இப்படி அடிப்பதுண்டு என்று சொன்னார்.

"அவங்க ஊர்ல புளியமரம் இல்லியா மேடம்?" என்றாள் செல்வி, பாவமாக.

இன்றைக்கு நீங்கள் ஓட்டுகிற மிஷின் அதுதான். அதன்மேல் சிவப்புப் பெயிண்டில் 'இரும்பு உள்ளே வராது' என்று எழுதியிருப்பது செல்வியின் கையெழுத்து. அதற்கு அவள்தான் பொறுப்பு, மாதச் சம்பளத்தில். ஒருமுறை முதலாளி தன் வீட்டுக் கேட்டின் கீலைக் கொண்டுவந்து கொடுத்தபோது, எழுத்தை விரலால் சுட்டிக்காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாளாம். அவரும் கீலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டாராம். எனக்கு அதைக் கேட்டபோது உண்டான நிம்மதி கொஞ்சநஞ்சமில்லை.

என்னை முதலாளி வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒரு வாரம் பேசவில்லை. எட்டாவது நாள் கூப்பிட்டு, "காசாவது வாங்கினியாய்யா?" என்றார்.

"நூத்தியிருபது ரூபா சார். ஆபீஸ்ல கட்டறதாச் சொன்னேன். பௌர்ணமி முடிஞ்சி தரேன்னாரு."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. "கூரத் தகடு, ஃபேன், பை, பைப்பு, எல்லாம் போச்சு. நூத்தியிருபது ரூபா வருது! வந்தா கட்டு. நானே ரசீது போட்டுத் தரேன்," என்றார்.

ஓய்வு பெற்ற பிறகு பௌர்ணமி தவறாமல் காலையிலேயே கிரிவலம் போகிறேன். தணிகாசலம் தொன்னையில் பொங்கல் வைத்துக் கொடுப்பார். நெய் குறைவில்லாமல் இருக்கும். அண்டாவின் கீழே அந்த ஸ்டாண்டு நிற்கும். போன பௌர்ணமிக்குக் கரண்டியால் அதைத் தட்டிக் காட்டினார். "பாத்தியா முருகேசு, இன்னும் ஒரு துரு இல்ல. கை ராசி உனக்கு."

"அந்தக் காசு தணிகாசலம்…"

"தந்துடறேம்ப்பா. இன்னிக்குக் கூட்டம், போன்ல நெட்டே வரல. அடுத்த பௌர்ணமிக்கு."

நூற்றிருபது ரூபாய். இன்றைய தேதிவரை பாக்கி.